ஆட்டமா, படிப்பா? – சோம்தேவ் தேவ்வர்மன் நடந்த வழி



பிரிஞ்சாங் மலைச்சரிவுகளில் உள்ள நம் தேயிலைத் தோட்டங்களில் சமதரை என்பது அரிது. இருக்கின்ற சமதரை லயத்து வாசலும் பள்ளித் திடலுந்தான். ஆனாலும் மாலை மழை விட்டதும் நம் பிள்ளைகள் பூப்பந்து மட்டையோடும் காற்பந்தோடும் அங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். வலை இல்லையென்றால் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். கோடு போடச் சுண்ணாம்பு இல்லையென்றால் குச்சியால் கிழித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய் மூன்றாம் படிவத்தை எட்டியதும் வீட்டிலே ஒரு கேள்வி பிறக்கிறது. "ஆட்டமா, படிப்பா?" என்பதே அந்தக் கேள்வி. சில வீடுகளில் மட்டையை வாங்கிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் பிள்ளை இரண்டு கிண்ணம் வென்று வந்துவிட்டான் என்பதற்காகப் புத்தகத்தை மூடி வைக்க விட்டுவிடுகிறார்கள். முன்னதும் பின்னதும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவைதாம். ஒன்று வேண்டுமானால் மற்றதைக் கைவிட்டாக வேண்டும் என்பதே அந்த எண்ணம். ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

படிப்பையும் ஆட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்த ஓர் ஏற்பாடு உலகில் உண்டு. அதன் வழியாகச் சென்னையிலிருந்து புறப்பட்டு உலக டென்னிஸ் அரங்கிற்குப் போனவர் சோம்தேவ் தேவ்வர்மன். அவர் நடந்த வழியை இன்று சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சோம்தேவ் 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அஸாம் மாநிலத்தின் குவஹாத்தி நகரில் பிறந்தார். குடும்பம் திரிபுராவைச் சேர்ந்தது. தந்தையார் வருமான வரித்துறை அதிகாரி. பிள்ளைப் பருவத்தின் முற்பகுதி கல்கத்தாவில் கழிந்தது. எட்டு வயதளவில் குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி மேல்நிலைப்பள்ளியில் அவர் படித்தார்.

சென்னை டென்னிஸுக்குப் பழகிய ஊர். விம்பிள்டன் போட்டியில் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அரையிறுதி வரை போன இராமநாதன் கிருஷ்ணன் அந்த ஊரில் ஆடி வளர்ந்தவர். 1973இலும் 1981இலும் அதே போட்டியில் காலிறுதிக்கு வந்த விஜய் அமிர்தராஜும் அந்த ஊர்க்காரரே. ஆகவே நல்ல பயிற்சிக்கு அங்கே குறைவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வருகின்ற கேள்வி சோம்தேவுக்கும் வந்தது. பள்ளி முடிந்துவிட்டது, இனித் தொழில்முறை ஆட்டக்காரராக உலகம் சுற்றப் புறப்படுவதா, அல்லது கல்லூரிக்குப் போவதா?

இந்தக் கேள்வியின் கனம் புரியவேண்டுமானால், தொழில்முறை டென்னிஸ் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்னிஸ் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வென்றால் பரிசுப் பணம். தோற்றால் அடுத்த ஊருக்குப் பயணம். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளர் கூலி ஆகிய அனைத்தும் ஆட்டக்காரர் கைப்பொறுப்பு. இந்தப் போட்டிகள் ஓர் ஏணியைப் போலப் படிப்படியாக அமைந்துள்ளன. அடிப்படியில் இருப்பவை சிறிய போட்டிகள். சோம்தேவ் ஆடிய காலத்தில் அவற்றுக்கு 'ஃபியூச்சர்ஸ்' என்று பெயர். அடுத்த படி 'சேலஞ்சர்' போட்டிகள். அதற்கும் மேலே ஏ.டி.பி. என்னும் ஆட்டக்காரர் சங்கத்தின் பெரிய போட்டிகள். உச்சியில் இருப்பவை ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் நடக்கும் கிராண்ட் ஸ்லாம் போட்டிகள்.

ஒவ்வொரு படியிலும் வெற்றிக்குப் புள்ளிகள் உண்டு. 250 என்று பெயரிட்ட போட்டியில் வாகை சூடினால் 250 புள்ளிகள். கிராண்ட் ஸ்லாமில் வாகை சூடினால் 2000 புள்ளிகள். இந்தப் புள்ளிகளைக் கூட்டி வாரந்தோறும் உலகத் தர வரிசை வெளியிடுகிறார்கள். இந்த முறை 1973ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு முறை பெற்ற புள்ளி 52 வாரம்தான் கணக்கில் நிற்கும், பிறகு உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு பறித்த கொழுந்துக்கு இந்த ஆண்டு கூலி கிடைக்காதல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் போட்டியில் 128 பேர் ஆடுகிறார்கள். அவர்களில் 104 பேர் தர வரிசையின்படி நேராக நுழைகிறார்கள். 16 பேர் தகுதிச் சுற்று ஆடி வெல்லவேண்டும். எஞ்சிய 8 பேர் போட்டி நடத்துவோரின் சிறப்பு அழைப்பில் வருகிறார்கள். ஆகவே உலகில் முதல் நூறு பேருக்குள் இருப்பவருக்கே தொழில் நிலையாகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களில் பலர் கைக்காசு செலவழித்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதில், உடல் முழுவதும் முற்றாத நிலையில், இந்த ஏணியில் ஏறத் தொடங்கிப் பாதியில் விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தபின் கையில் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை என்று நின்றவர்களும் உண்டு.

சோம்தேவ் கல்லூரி வழியைத் தேர்ந்துகொண்டார். அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்னும் ஊரில் உள்ள வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகவியல் படித்தார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நாம் நினைப்பது போன்ற பொழுதுபோக்கு அன்று. அங்கே பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. பயிற்சியாளர், ஆடுகளம், மருத்துவர், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட அளவு பாடங்களை எடுத்துத் தேறிக்கொண்டே வரவேண்டும். மதிப்பெண் விதித்த அளவுக்குக் கீழே போனால், அவர் எத்தனை பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அணியில் ஆட முடியாது. ஆட்டத்தையும் படிப்பையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

உபகாரச் சம்பளமும் தாராளமாகக் கொட்டிக் கிடப்பதன்று. 2025ஆம் ஆண்டில் விதிகள் மாறும்வரை, முதல் நிலைப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நாலரை முழு உபகாரச் சம்பளந்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. அதையே அணியில் உள்ளவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கவேண்டும். பெண்கள் அணிக்கு எட்டு என்று இருந்தது.

கல்லூரிப் போட்டியில் ஆடும் முறையும் வேறு. டென்னிஸ் பொதுவாகத் தனிமனித ஆட்டம். கல்லூரியிலோ அது அணி ஆட்டமாகிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதும்போது மூன்று இரட்டையர் ஆட்டங்களும் ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் நடக்கும். மூன்று இரட்டையர் ஆட்டங்களில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. ஒற்றையர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக மொத்தம் ஏழு. நான்கை முதலில் பெறும் அணி வெல்லும். ஆறாவது களத்தில் ஆடுபவரின் வெற்றிக்கும் முதல் களத்து வீரரின் வெற்றிக்கும் ஒரே மதிப்புத்தான். தான் தோற்றால் தோழர்களின் உழைப்பும் வீணாகலாம் என்ற பொறுப்போடு ஆடும் பிள்ளைக்கு நெஞ்சுரம் வளர்கிறது.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்கென்று ஆண்டுதோறும் தேசிய வாகையர் போட்டியும் நடக்கிறது. 2006ஆம் ஆண்டு சோம்தேவ் அதன் ஒற்றையர் இறுதி ஆட்டத்திற்கு வந்து தோற்றார். தோற்றவர் படிப்பை விட்டுவிட்டுத் தொழில்முறைப் போட்டிகளுக்கு ஓடவில்லை. மீண்டும் வகுப்புக்குப் போனார், மீண்டும் பயிற்சிக்குப் போனார்.

2007ஆம் ஆண்டு மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் ஜான் இஸ்னர். ஆறடி பத்து அங்குல உயரம். அவர் போடும் பந்து மாடியிலிருந்து எறிந்தது போல வந்து விழும். போட்டி நடந்த இடம் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரம். அது இஸ்னருடைய சொந்தப் பல்கலைக்கழகத் திடல். கூட்டம் முழுவதும் அவர் பக்கம். ஆட்டம் மூன்றாவது செட்டின் சமன்முறி ஆட்டம் வரை போயிற்று. இருவரும் ஆறு ஆறு என்று சமமாக நின்றால், ஏழு புள்ளிகளை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் எடுப்பவருக்குச் செட்டைக் கொடுக்கும் முறையே சமன்முறி. அதிலே சோம்தேவ் வென்றார். இதே இஸ்னர்தான் பின்னாளில், 2010ஆம் ஆண்டு விம்பிள்டனில், மூன்று நாள்களில் மொத்தம் 11 மணி 5 நிமிடம் ஆடி உலகின் மிக நீண்ட டென்னிஸ் ஆட்டத்தை வென்றவர்.

வாகை சூடியாயிற்று, இனிக் கல்லூரியை விட்டுவிடலாம் என்று பலர் போயிருப்பார்கள். சோம்தேவ் நான்காம் ஆண்டையும் இருந்து முடித்தார். 2008ஆம் கல்லூரிப் பருவத்தில் அவர் ஆடிய 45 ஒற்றையர் ஆட்டங்களில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இரண்டாம் முறையும் தேசிய வாகையர் ஆனார். பட்டமும் பெற்றார்.

தேயிலைக் கன்றை நட்ட மறுமாதமே யாரும் கொழுந்து கிள்ளுவதில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கவாத்து வெட்டி, செடி பரந்து தழைத்த பிறகே கூடையோடு நிரையில் இறங்குகிறோம். அதுவரை அந்தச் செடி சும்மா இருந்தது என்று நாம் சொல்வதில்லை. சோம்தேவுடைய நான்கு ஆண்டுகளும் அத்தகையவையே. உடல் முற்றியது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பழகினார். தோல்வியைத் தாங்கக் கற்றார். இவையனைத்தும் கைக்காசு கரையாமல் நடந்தன.

2008ஆம் ஆண்டு நடுவில் தொழில்முறை ஏணியில் ஏறத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. சிறிய போட்டிகளை வென்று, அதே கோடையில் லெக்சிங்டன் நகரத்துச் சேலஞ்சர் போட்டியிலும் வாகை சூடினார்.

2009 சனவரியில் சென்னை ஓப்பன் போட்டி வந்தது. அப்போது தர வரிசையில் அவருக்கு 202ஆம் இடம். அந்த இடத்தை வைத்துக்கொண்டு நேராக நுழைய முடியாது. சிறப்பு அழைப்பின் பேரில் ஆடினார். முன்னாளில் உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்தவரும் சென்னைப் போட்டியை இரண்டு முறை வென்றவருமான ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்தார். காலிறுதியில் குரோவேஷியாவின் இவோ கார்லோவிச்சை வென்றார். கார்லோவிச் இஸ்னரைவிடவும் உயரமானவர். ஏதென்ஸ் நகரில் நெடிய மனிதரை எதிர்த்து ஆடிய பழக்கம் வீண்போயிருக்காது என்றே நாம் எண்ணுகிறோம். அரையிறுதியில் எதிராளி காயத்தால் விலகிக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் மாரின் சிலிச்சிடம் சோம்தேவ் தோற்றார். ஆனாலும் சென்னை ஓப்பன் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

அதன்பின் 2010ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். அதே ஆண்டு சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையரில் ஒரு தங்கம், சனம் சிங்கோடு சேர்ந்து இரட்டையரில் ஒரு தங்கம். சனம் சிங்கும் அதே வெர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்தான். 2011 சூலையில் சோம்தேவ் உலகத் தர வரிசையில் 62ஆம் இடத்தைத் தொட்டார். அவர் எட்டிய உயரம் அதுவே.

பிறகு தோள்பட்டையில் காயம். 2012ஆம் ஆண்டின் பெரும்பகுதி வீணாயிற்று. புள்ளிகள் 52 வாரத்தில் உதிர்ந்துவிடும் என்று சொன்னோமல்லவா? அவருடைய இடமும் அவ்வாறே சரிந்தது. மீண்டும் சிறிய போட்டிகளிலிருந்து ஏறி வந்தார். 2017ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், 31ஆம் வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பெற்றோர்கள் இந்த வயதைக் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆட்டக்காரரின் தொழிலோ முப்பது வயதை ஒட்டி முடிந்துவிடுகிறது. காயம் பட்டால் இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். அதன்பின் வாழவேண்டிய ஆண்டுகள் நாற்பதோ ஐம்பதோ இருக்கின்றன. அந்த ஆண்டுகளுக்குத் துணை படிப்பு. மேலும், கல்லூரியில் டென்னிஸ் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் உலக அரங்கை எட்டுவதே இல்லை. அவர்கள் பட்டத்தோடு வெளியே வந்து வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆடிய ஆட்டம் அவர்கள் படிப்புக்குப் படியளந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் சரி, அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு நடக்கும், நம் லயத்துப் பிள்ளைக்கு நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு வேறொருவர் கதையைச் சொல்லவேண்டும்.

சோம்தேவ் படித்த சார்லட்ஸ்வில்லிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், அதே வெர்ஜீனியாவில், ரிச்மண்ட் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே 1943ஆம் ஆண்டு ஆர்தர் ஆஷ் பிறந்தார். அவர் கறுப்பினத்தவர். தந்தையார் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவின் காவலாளி. குடும்பம் அந்தப் பூங்காவுக்குள் இருந்த காவலாளி வீட்டில்தான் குடியிருந்தது. ஆறு வயதில் தாயை இழந்தார். வாசலில் இருந்த டென்னிஸ் களத்தில் ஆட்டம் பழகினார். வெள்ளையர் களங்களில் அவர் கால் வைக்க முடியாது. வெள்ளையர் பிள்ளைகளின் போட்டிகளிலும் சேர முடியாது. அப்படிப்பட்ட பிள்ளை பள்ளிப் படிப்பைக் குறைவின்றி முடித்தார். 1961இல் உபகாரச் சம்பளம் பெற்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குப் போனார். பிற்காலத்தில் சோம்தேவ் வென்ற அதே கல்லூரி வாகையர் பட்டத்தை 1965இல் வென்றார். 1966இல் பட்டம் பெற்றார். 1968இல் அமெரிக்க ஓப்பன், 1975இல் விம்பிள்டன் என்று வாகை சூடினார். காவலாளி வீட்டு வாசலிலிருந்து விம்பிள்டனுக்கு அவர் போன பாதையிலும் நடுவே ஒரு கல்லூரி இருந்தது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் சுவர்ப்பந்து வீராங்கனை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்கு ஆடினார். 2022இல் கார் விபத்தில் பலத்த காயமடைந்தார். மீண்டு வந்து, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024இல் இலண்டன் கிளாசிக் போட்டியிலும் வாகை சூடினார்.

இதைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளையும் டென்னிஸ் வீரர்களாக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மட்டைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவு நமக்குத் தெரியும். ஆனால் ஓட்டமோ, பூப்பந்தோ, காற்பந்தோ, பிள்ளைக்கு எது கைவந்திருக்கிறதோ அதை வைத்து நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பள்ளி விளையாட்டில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசிய நிலை என்று பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளுக்கும் ஓர் ஏணி இருக்கிறது. அந்த ஏணியில் ஏறக் கட்டணம் அதிகமில்லை.

இரண்டாவது, பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் பத்திரமாகப் போட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்திற்கோ உபகாரச் சம்பளத்திற்கோ மனுச் செய்யும்போது இணைப்பாட நடவடிக்கைகளில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். அப்போது வாயால் சொல்வது போதாது, தாள் வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தைத் தண்டனைப் பொருளாக்காதீர்கள். மதிப்பெண் குறைந்தால் மட்டையை உடைப்பதற்குப் பதிலாக, நாள்தோறும் முதலில் வீட்டுப்பாடம், பிறகு திடல் என்று ஒழுங்கு வையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரிய அளவில் செய்வதை நம் வீட்டு வாசலில் சிறிய அளவில் செய்யலாம். ஆடவேண்டும் என்ற ஆசையே பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும்.

நான்காவது, ஐந்தாம் படிவம் முடியுமுன் பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். ஆடும் பிள்ளையானாலும் ஆடாத பிள்ளையானாலும் இது பொருந்தும். எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு மேற்படிப்புக் கதவுகளில் பெரும்பாலானவை அடைபட்டுப் போகின்றன. பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம். ஆர்தர் ஆஷும் சோம்தேவும் சிவசங்கரியும் திறமையை வெளியே கொண்டுபோனது பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழோடுதான்.

நாளைக் காலைப் பிரட்டுக்குப் போகுமுன், பிள்ளை பள்ளிப் பையோடு புறப்பட்டுவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள். மாலையில் மழை விட்டதும் அதே பிள்ளையை மட்டையோடு திடலுக்கும் அனுப்புங்கள்.